கேமில் இருந்த முகம் படத்தில் ஏன் இருப்பதில்லை?

கேட்டவர் எழுதியது இவ்வளவுதான்: "அன்சார்ட்டட், டாம்ப் ரைடர் மாதிரி கேம்களைப் படமாக்கும்போது கேமில் நடித்தவரையே ஏன் போடுவதில்லை? சம்பந்தமில்லாத முகத்தைக் கொண்டுவந்து நிறுத்துவதால்தானே இந்தப் படங்கள் ஊத்திக்கொள்கின்றன? இப்போது புதிய தொடரில் சோஃபி டர்னரை டாம்ப் ரைடர் நாயகி லாரா கிராஃப்ட் ஆக்கியிருக்கிறார்கள், தேறுமா?" மேலோட்டமாகப் பார்த்தால் இது நடிகர் தேர்வு பற்றிய கேள்வி. எனக்கு என்னவோ நீங்கள் கேட்க வந்தது இன்னும் கொஞ்சம் ஆழமானது என்று தோன்றுகிறது. ராத்திரி ராத்திரியாகக் கூடவே இருந்த ஒரு ஆளைத் திரையில் பார்க்கும்போது ஏன் யாரோ மாதிரி இருக்கிறது என்பதுதான் அது. மூன்று கேள்விகளுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் இந்த நாலாவதுதான் விஷயம்.

நான் கேம் அனிமேஷனில் பல வருடங்கள் இருந்தவன். நடிகரின் உடலசைவைக் கணினியில் பிடிக்கும் மோஷன் கேப்சரில் பதிவான நடிப்பைச் சுத்தம் செய்து கேரக்டரின் உடம்பில் ஏற்றுவது என் வேலை. சினிமாவில் நடிகர் தேர்வு நடக்கும் அறையில் நான் உட்கார்ந்ததில்லை. ஆகவே பணம், ஒப்பந்தம் பற்றிச் சொல்லும் இடங்களில் வெளியே தெரிந்ததை வைத்துத்தான் பேசுகிறேன். உடம்பு, அசைவு, நடிப்பு பற்றிச் சொல்வது கையால் செய்து பார்த்தது.

முதலில், "கேமில் நடித்தவர்" என்று ஒருவரைச் சுட்டிக் காட்டுவதே பல நேரம் முடியாத காரியம். மேக்ஸ் பெய்னை எடுத்துக்கொள்ளுங்கள். 2001-இல் வந்த முதல் கேமில் அந்த இறுகிய முகம் சாம் லேக்குடையது. அவர் நடிகரே இல்லை, அந்தக் கேமின் கதையை எழுதியவர். குரல் ஜேம்ஸ் மெக்காஃப்ரியுடையது. இரண்டாம் பாகத்தில் முகம் இன்னொருவருக்குப் போய்விட்டது, குரல் மட்டும் தொடர்ந்தது. மூன்றாம் பாகத்தில்தான் குரல் கொடுத்தவரின் சாயலே கேரக்டருக்கும் வந்தது. 2008-இல் படம் எடுத்தபோது மார்க் வால்பெர்க் நடித்தார். மெக்காஃப்ரிக்கு அதில் ஒரு சின்ன வேடம். இப்போது சொல்லுங்கள், இவர்களில் யார் மேக்ஸ் பெய்ன்? அன்சார்ட்டடின் நாயகன் நேதன் டிரேக்குக்கும் இதே கதைதான். குரலும் கட்சீன்களில், அதாவது ஆட்டம் நின்று கதை ஓடும் காட்சிகளில், உடலசைவும் நோலன் நார்த்துடையவை, முகம் அவருடையது அல்ல. தெருவில் எதிரே வந்தால் நீங்கள் டிரேக் என்று அடையாளம் கண்டுகொள்ள மாட்டீர்கள், அவர் வாயைத் திறக்கும் வரை.

என் மேஜைக்கு வரும்போது ஒரு நடிகர் எப்படி இருப்பார் என்று சொல்கிறேன். முகம் கிடையாது, தோல் கிடையாது. கறுப்புத் திரையில் மிதக்கும் புள்ளிகள், அவற்றுக்குள் ஒரு எலும்புக்கூடு. அந்த எலும்புக்கூட்டை வேறு அளவுள்ள ஒரு உடம்பில் ஏற்ற வேண்டும். நடிகர் ஒல்லி, கேரக்டர் மலை மாதிரி என்றால், நடிகர் இயல்பாகத் தொங்கவிட்ட கை கேரக்டரின் தொடைக்குள் புகுந்துவிடும். கையைத் தள்ளி வைத்தால் தோள் பொய்யாகத் தெரியும். தோளைச் சரிசெய்தால் நடையில் கனம் போய்விடும், அத்தனை பெரிய ஆள் பூனை மாதிரி நடப்பார். பிறகு ஒவ்வொரு அடிக்கும் இடுப்பைக் கொஞ்சம் இறக்கி, பாதம் தரையில் நிற்கும் நேரத்தைக் கொஞ்சம் நீட்டி, கனத்தைக் கையாலேயே சேர்க்க வேண்டும். இதெல்லாம் முடிந்து திரையில் வருவதில் நடிகருடையது எவ்வளவு, எங்களுடையது எவ்வளவு என்று செய்த எனக்கே பிரித்துச் சொல்ல வராது.

இது கட்சீனுக்கு. விளையாடும் பகுதிக்கு வந்தால் விவகாரமே வேறு. ஒரு மனிதன் குதிக்க வேண்டும் என்றால் முதலில் முழங்கால் மடியும், இடுப்பு இறங்கும், கை பின்னால் போகும், அப்புறம்தான் கால் தரையை விடும். நடிகர் அப்படித்தான் குதித்துக் கொடுப்பார், பார்க்கவும் அழகாக இருக்கும். ஆனால் நீங்கள் பட்டனை அழுத்திய உடனே லாரா எழும்பவில்லை என்றால் கண்ட்ரோலரைத் தூக்கிப் போட்டுவிடுவீர்கள். அதனால் அந்த முன்தயாரிப்பை முக்கால்வாசி வெட்டிவிடுவோம். திரும்புவதும் அப்படியே. நிஜ மனிதன் ஓடிக்கொண்டே எதிர்ப்பக்கம் திரும்ப இரண்டு மூன்று அடி தேவை. கேம் ஹீரோ கண் இமைக்கும் நேரத்தில் திரும்பிவிடுவான். விளைவு என்னவென்றால், ஒரே கேமுக்குள்ளேயே இரண்டு டிரேக் இருக்கிறார்கள். கட்சீனில் பேசும் டிரேக்குக்கு எடை உண்டு, மூச்சு வாங்கும், தயங்குவான். உங்கள் கையில் இருக்கும் டிரேக்குக்கு எடையே கிடையாது. இந்த இரண்டாமவனைப் போல எந்த நடிகராலும் அசைய முடியாது, நோலன் நார்த் உட்பட. படம் பார்த்துவிட்டு "அசைவே அவன் மாதிரி இல்லை" என்று சிலர் சொல்வதில் இந்த விஷயமும் கலந்திருக்கிறது. பலருக்கு அது இன்னதென்று சொல்லத் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

சரி, நடைமுறைக் காரணங்களுக்கு வருவோம். இதில் உறுதியாகச் சொல்லக்கூடியது வயது. மோஷன் கேப்சர் வயதைத் துடைத்துவிடும். தி லாஸ்ட் ஆஃப் அஸ் கேம் 2013-இல் வந்தபோது எல்லியாக நடித்த ஆஷ்லி ஜான்சனுக்கு 29 வயது. எல்லிக்கு 14. குரலும் உடல்மொழியும் போதும், மிச்சத்தை மாடல் பார்த்துக்கொள்ளும். பத்து வருடம் கழித்து எச்பிஓ தொடராக வந்தபோது அவரை 14 வயதுப் பெண்ணாகக் கேமரா முன் நிறுத்த வழியே இல்லை. தொடரை எடுத்தவர்கள் அவருக்கு எல்லியின் அம்மா அன்னா வேடத்தைக் கொடுத்தார்கள். எல்லிக்கு உயிர் கொடுத்தவரே எல்லியைப் பெற்றெடுக்கும் காட்சியில் நடித்தது அந்தத் தொடரின் நல்ல முடிவுகளில் ஒன்று. கேம் ஆடாதவர்களுக்கு அது வெறும் காட்சி, ஆடியவர்களுக்குத் தொண்டை அடைத்தது.

ஆனால் வயதை எல்லா இடத்திலும் சாக்காகச் சொல்ல முடியாது. அதே கேமில் நாயகன் ஜோயலாக நடித்த டிராய் பேக்கரைப் பாருங்கள். தொடரில் ஜோயலாக வந்த பெட்ரோ பாஸ்கலுக்கும் அவருக்கும் ஒரே ஒரு வயதுதான் வித்தியாசம். பேக்கருக்குக் கிடைத்தது ஜேம்ஸ் என்ற ஒரு சிறு வேடம். அங்கே வேலை செய்தது வேறு கணக்கு. ஒரு பெரிய தொடருக்கோ படத்துக்கோ பணம் போடுகிறவர் கேமே ஆடாத கோடிக்கணக்கான பேரையும் உள்ளே இழுத்தாக வேண்டும். அவர்களுக்குத் தெரிந்த முகம் பாஸ்கல். பேக்கரின் குரல் தெரிந்தவர்கள் ஏற்கெனவே வரப்போகிறவர்கள். கேட்க நன்றாக இல்லைதான், ஆனால் பணம் போடுகிறவர் இடத்தில் இருந்து பார்த்தால் புரிகிறது. அதற்காகப் பேக்கரால் முடிந்திருக்காது என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அதே தொடரில் மார்லீனாக கேமில் நடித்த மெர்ல் டேண்ட்ரிட்ஜ் தொடரிலும் மார்லீனாகவே வந்தார். வேறு யாரோ மாதிரி இருந்ததா? இல்லை. ஆக, முடியாத காரியம் ஒன்றும் இல்லை. துணை வேடத்துக்கு அந்தத் துணிச்சல் வருகிறது, நாயக வேடத்துக்கு வருவதில்லை.

வயது இன்னொரு விதத்திலும் விளையாடும். இந்தப் படங்கள் தயாராக எடுத்துக்கொள்ளும் காலம் அப்படி. அன்சார்ட்டடை 2010 வாக்கில் டேவிட் ஓ. ரஸ்ஸல் இயக்குவதாக இருந்தது. டிரேக்காக நடிக்கவிருந்தவர் மார்க் வால்பெர்க். அப்புறம் இயக்குநர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள், போனார்கள். கடைசியில் ரூபன் ஃபிளைஷர் இயக்கி 2022-இல் படம் வெளிவந்தபோது வால்பெர்க் டிரேக்கின் குருவான சல்லி ஆகியிருந்தார். டிரேக் 25 வயது டாம் ஹாலண்ட். இதற்கு நடுவில் 2018-இல் ஆலன் உங்கர் எடுத்த ஒரு குறும்படத்தில் நேதன் ஃபில்லியன் டிரேக்காக வந்து ரசிகர்களைக் கொள்ளை கொண்டார். அப்போது அவருக்கு 47. கேமில் வரும் டிரேக்கின் கிண்டல், சோர்வு, கண்ணோரச் சிரிப்பு எல்லாம் அவரிடம் அச்சாக இருந்தன. ஆனால் அடுத்தடுத்துப் பாகங்கள் எடுக்க ஆசைப்படும் ஸ்டூடியோ 47 வயதில் தொடங்காது. இது நியாயமா என்று கேட்டால், அந்த ஒரு கால்மணி நேரக் குறும்படத்தை நான் இன்னும் எடுத்துப் பார்ப்பதுண்டு, அதற்கு மேல் என்ன சொல்ல.

நடிகருக்கு நஷ்டம், ரசிகருக்கும் நஷ்டம் என்று வருத்தப்படும்போது எதிர்த்திசையில் நடந்ததையும் பார்க்கலாம். 1995-இல் வந்த மார்ட்டல் காம்பாட் படத்தில் வில்லன் ஷாங் சுங் வேடத்தில் கேரி-ஹிரோயுகி டகாவா மிரட்டினார். 2019-இல் வந்த மார்ட்டல் காம்பாட் 11 கேமில் ஷாங் சுங்குக்கு அவருடைய முகத்தையும் குரலையும் எடுத்துக்கொண்டார்கள். படத்திலிருந்து கேமுக்குப் போவது எளிது. கேம் 24 வருடத்தை மறைத்துவிடும். கேமிலிருந்து படத்துக்கு வருவதுதான் சிரமம், கேமரா ஒரு வருடத்தைக்கூட மறைக்காது.

வயதும் உடம்பும் குறுக்கே நிற்காத ஒரு இடம் உண்டு: அனிமேஷன் படம். அங்கே உங்கள் புகாரில் நியாயம் அதிகம். மாரியோவுக்குக் கேம்களில் பல பத்தாண்டுகள் குரல் கொடுத்த சார்ல்ஸ் மார்ட்டினேயை 2023-இல் வந்த அனிமேஷன் படத்தில் சின்ன வேடங்களுக்கு ஒதுக்கிவிட்டு, மாரியோவாகக் கிறிஸ் பிராட்டைப் பேச வைத்தார்கள். முகமே தெரியாத வேடத்துக்கு நட்சத்திர முகம் எதற்கு? போஸ்டருக்கு. மார்ட்டினேயின் மாரியோ கேமில் பேசுவதெல்லாம் துள்ளலான கூச்சல்கள்தான், அதை ஒன்றரை மணி நேரம் கேட்டால் காது வலிக்கும் என்று ஒரு வாதம் உண்டு. அதில் கொஞ்சம் உண்மையும் உண்டு. ஆனால் அவரால் வேறு மாதிரிப் பேச முடியாது என்று முன்கூட்டியே முடிவு கட்டுவது சரியா? படம் உலகம் முழுக்க 136 கோடி டாலர் வசூலித்தது. அந்தத் தொகை பிராட்டால் வந்தது என்று நம்ப எனக்கு எந்தக் காரணமும் தெரியவில்லை, பிராட்டையும் தாண்டி வந்தது என்று நிரூபிக்கவும் வழியில்லை.

இங்கேதான் உங்கள் இரண்டாவது கேள்வி தடுமாறுகிறது. முகம் பொருந்தாததால் படங்கள் தோற்கின்றன என்பதற்கு ஆதாரம் பலவீனமாக இருக்கிறது. இரண்டு டாம்ப் ரைடர் படங்களையே ஒப்பிடுங்கள். 2001-இல் ஏஞ்சலினா ஜோலி, 2018-இல் அலிசியா விகாண்டர். இரண்டு பேருக்கும் உருவத்திலோ நடிப்பிலோ ஒட்டும் இல்லை உறவும் இல்லை. ரசிகர்கள் ஜோலியை லாராவாகவே ஏற்றுக்கொண்டார்கள், விகாண்டரைப் பற்றி முணுமுணுத்தார்கள். உலக வசூலோ இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான், 27 கோடி டாலர் சொச்சம். நடுவில் 17 வருடம் டிக்கெட் விலை ஏறியிருக்கிறது என்பதால் முன்னதுதான் பெரிய வெற்றி என்று சொல்லலாம். அப்போதும் விமர்சகர்கள் அந்தப் படத்தைக் கிழித்துத் தொங்கவிட்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அன்சார்ட்டட் மீது வெளிவரும் முன்பே அவ்வளவு புகார்: ஹாலண்ட் சின்னப் பையன், வால்பெர்க்குக்கு கேம் சல்லியின் மீசை எங்கே என்று. மீசை படம் முடிந்தபின் வரும் துணுக்குக் காட்சியில்தான் முளைத்தது. ஆனாலும் 40 கோடி டாலர் வசூல்.

மறுபக்கம் 2024-இல் வந்த பார்டர்லேண்ட்ஸ் இருக்கிறது. கேட் பிளான்செட், கெவின் ஹார்ட் என்று பெரிய பெயர்கள், கேரக்டர்களுக்கும் அவர்களுக்கும் தூரம் அதிகம் என்று ஆரம்பத்திலேயே கூச்சல். 10 கோடி டாலருக்கு மேல் செலவழித்த படம் உலகம் முழுக்க மூன்றரைக் கோடி டாலரைக்கூடத் தொடவில்லை. பார்த்தீர்களா, காஸ்டிங்கால்தான் போனது என்று சொல்லத் தோன்றும். ஆனால் அந்தப் படம் 2021-இலேயே எடுக்கப்பட்டது. ஒன்றரை வருடம் கழித்து வேறொரு இயக்குநரை வைத்துச் சில பகுதிகளைத் திரும்ப எடுத்தார்கள். அப்புறமும் கிடப்பில் கிடந்தது. இத்தனை குளறுபடிக்கு நடுவில் தோல்விக்கு நடிகர் பங்கு எவ்வளவு, கதையின் பங்கு எவ்வளவு என்று எப்படிப் பிரிப்பது? என் கணிப்பு, சரியான நடிகர் மோசமான திரைக்கதையைக் காப்பாற்ற மாட்டார், தவறான நடிகர் நல்ல திரைக்கதையைக் கெடுத்துவிடுவார். கணிப்புதான், சட்டம் இல்லை.

இனி அந்த நாலாவது கேள்வி. கேமில் ஹீரோவின் வேடத்தில் முகம் கொடுத்தவர், குரல் கொடுத்தவர், உடம்பு கொடுத்தவர் என்று பலர் இருக்கிறார்கள் என்றேன். பெரிய பங்கு உள்ளவரை இன்னும் சொல்லவில்லை. அது நீங்கள். எங்கே நிற்பது, எப்போது ஓடுவது, யாரை விட்டுவிடுவது, எந்த மூலையில் பத்து நிமிஷம் சும்மா சுற்றுவது எல்லாம் உங்கள் முடிவு. டாம்ப் ரைடர் இரண்டாம் கேமில் லாராவின் மாளிகையில் தட்டைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வரும் வயதான பட்லரைக் குளிர்பதன அறைக்குள் இழுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தியவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். அந்தத் தலைமுறைக்கு லாரா என்றதும் நினைவு வரும் குறும்பு அது. எந்தக் கதாசிரியரும் எழுதிக் கொடுத்த காட்சி இல்லை. படத்தில் லாராவாக வருகிறவர் குரல் நடிகையின் இடத்துக்கு வருவதாக நாம் நினைக்கிறோம். உண்மையில் அவர் வந்து உட்காருவது உங்கள் இடத்தில். உங்களை எழுப்பிவிட்டு உட்காருகிறவரை உடனே பிடித்துவிடுமா?

இதைச் சரியாகப் புரிந்துகொண்ட காட்சி ஒன்று 2018 படத்தில் இருக்கிறது. அந்தப் படம் 2013-இல் வந்த கேமை அடிப்படையாகக் கொண்டது. கேமில் லாரா முதல்முறை ஒருவனைக் கொல்லும்போது அதிர்ச்சியில் உடைந்துபோவதாகக் காட்டுவார்கள். அடுத்த சில நிமிடங்களில் நீங்கள் வரிசையாக ஆட்களைச் சுட்டுக்கொண்டு போவீர்கள், லாராவும் போவாள். கேம் என்றால் அப்படித்தான், ஆட்டம் நின்றுவிடக் கூடாது. படத்தில் விகாண்டர் இருட்டில், சேற்றில், ஒருவனோடு கட்டிப் புரண்டு அவன் முகத்தைத் தண்ணீரில் அமுக்கிக்கொண்டே இருக்கிறார். அவன் அடங்கியபின் கையை எடுக்கிறார். அந்த முகத்தில் வெற்றி இல்லை, என்ன செய்தோம் என்று அப்போதுதான் தெரிகிற மாதிரி ஒரு குழப்பம். அந்த இடத்தில் அவர் கேம் லாராவை நகல் எடுக்கவில்லை. கேமால் நிறுத்த முடியாத இடத்தில் நின்று காட்டினார். அதே படத்தில் அருவி விளிம்பில் துருப்பிடித்துக் கிடக்கும் விமானத்தில் அவர் தொங்கும் காட்சி கேமிலிருந்து அப்படியே எடுத்தது. பார்க்க நன்றாகவே இருந்தது. ஆனால் எனக்கு ஒட்டவில்லை. கேமில் அந்த மாதிரி இடங்களில் விழுந்து, செத்து, மறுபடி எழுந்து கற்றுக்கொண்டு தாண்டியிருப்போம். படத்தில் அவர் ஒரே தடவையில் தாண்டிவிடுகிறார், நாம் பாப்கார்னைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்.

ஜோலி நடித்தபோது கேமே வேறு. 1996-இல் வந்த லாராவுக்கு நடுக்கம் கிடையாது. உருவத்தை அமைக்கும் சிறு துண்டுகளான பாலிகன்களின் எண்ணிக்கை குறைவு, முகபாவம் காட்ட இடமே இல்லை. தோரணை ஒன்றுதான் இருந்தது. ஜோலி கொண்டுவந்ததும் தோரணைதான். அந்தக் கேமுக்கு அவர் சரி, பின்னால் வந்த கேமுக்கு விகாண்டர் சரி. "உண்மையான லாரா யார்" என்று சண்டை போடுகிறவர்கள் பெரும்பாலும் எந்த வயதில் எந்த லாராவோடு விளையாடினோம் என்பதற்காகத்தான் சண்டை போடுகிறார்கள்.

தி லாஸ்ட் ஆஃப் அஸ் முடிவைத் தெரிந்துகொள்ள விரும்பாதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள். கேமின் கடைசியில் ஜோயல் மருத்துவமனைக்குள் புகுந்து எதிரே வருகிறவர்களைச் சுட்டுக்கொண்டே போவான். அறுவை அறையில் மருத்துவர் நிற்கிறார். அவரைக் கொல்லாமல் ஆட்டம் நகராது. பட்டனை அழுத்தப்போவது நீங்கள். நான் கொஞ்ச நேரம் அழுத்தாமலே உட்கார்ந்திருந்தேன், கேமும் பொறுமையாகக் காத்திருந்தது. தொடரில் அந்தப் பாரத்தை உங்கள் கையில் கொடுக்க வழியில்லை. என்ன செய்தார்கள் தெரியுமா? சத்தத்தைக் குறைத்துவிட்டு மெல்லிய இசையை மேலே ஏற்றினார்கள். பாஸ்கல் முகத்தில் கோபமும் இல்லை, வேகமும் இல்லை, எதுவுமே இல்லை. உள்ளே யாரும் இல்லாத வீடு மாதிரி ஒரு முகம். கேமில் நான் செய்தேன் என்ற உறுத்தல், தொடரில் இவனை இத்தனை நாள் நேசித்தேனே என்ற உறுத்தலாக மாறியது. இந்த மாற்றத்தைச் சுமக்கத் தெரிந்தவரா என்று பார்த்து ஆளைத் தேர்ந்தெடுப்பதுதான் காஸ்டிங். மூக்கும் தாடையும் ஒத்துப்போகிறதா என்பது அதற்குப் பக்கத்தில்கூட வராது. தொடரில் எல்லியாக நடித்த பெல்லா ராம்சேவின் முகத்தை வைத்து இணையத்தில் நடந்த அசிங்கத்தை நினைத்தால் எரிச்சல்தான் வருகிறது. எல்லியின் சாயல் அவரிடம் இல்லை. எல்லியின் வாய்த்துடுக்கும் அதன் அடியில் இருக்கும் பயமும் இருந்தன.

தி லாஸ்ட் ஆஃப் அஸ் தொடரின் இரண்டாம் சீசனில் ஆபி என்ற பெண்ணாகக் கேட்லின் டெவர் வந்தபோது "அந்தப் புஜம் எங்கே" என்று மறுபடி கிளம்பியது. கேமில் ஆபிக்கு அவ்வளவு முறுக்கேறிய உடம்பு கொடுத்ததற்கு ஆடும் விதம் சார்ந்த ஒரு காரணம் உண்டு. நீங்கள் எல்லியாகவும் ஆடுவீர்கள், ஆபியாகவும் ஆடுவீர்கள். இரண்டும் கையில் வேறு வேறாக உணர வேண்டும், எல்லி பதுங்கிப் பாய்வாள், ஆபி நேராகப் போய் அடிப்பாள். தொடரில் நீங்கள் யாராகவும் ஆடப்போவதில்லை, எனவே அந்த வேறுபாடு அவ்வளவு அவசியமில்லை என்று கேமை உருவாக்கிய நீல் டிரக்மனே விளக்கினார். அனிமேட்டராக எனக்கு அது சட்டென்று புரிந்தது. ரசிகனாக, ஆபியின் உடம்பு அவள் வருடக்கணக்கில் வளர்த்த வெறியையும் சொன்னது, அதுவும் சேர்ந்து போய்விட்டதே என்று ஒரு குறை இன்னும் இருக்கிறது.

இந்தச் சிக்கலே வேண்டாம் என்று புதிய கேரக்டரை உருவாக்கிக்கொள்ளும் வழியும் உண்டு. ரெசிடென்ட் ஈவில் படங்களில் மில்லா யோவோவிச் நடித்த ஆலிஸ் எந்தக் கேமிலும் இல்லாதவள். 2002 முதல் 2016 வரை ஆறு படங்கள், மொத்தம் 120 கோடி டாலருக்கு மேல் வசூல். யாருடைய இடத்தையும் அவள் பிடுங்கவில்லை. 2024-இல் வந்த ஃபால்அவுட் தொடரும் புது ஆட்களை வைத்தே ஜெயித்தது. அந்தக் கேம்களில் ஹீரோவை ஆடுகிறவரே உருவாக்கிக்கொள்வதால் ஒப்பிட முகமே கிடையாது. ஆனால் அசாசின்ஸ் கிரீட் படத்தில் மைக்கேல் ஃபாஸ்பெண்டருக்கும் புது வேடம்தான், நல்ல நடிகர்தான், 2021 மார்ட்டல் காம்பாட்டின் கோல் யங்கும் புதியவன்தான். இரண்டு பேரும் யாருக்கும் நினைவில் நிற்கவில்லை. ஆக இதுவும் மந்திரக்கோல் இல்லை.

முகம் முக்கியமே இல்லை என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். முகம் ஒரு இன மக்களைக் குறிக்கும்போது அது முக்கியம். 2010-இல் பிரின்ஸ் ஆஃப் பெர்சியா படத்தில் பாரசீக இளவரசனாக ஜேக் ஜில்லன்ஹால் நடித்தபோது எழுந்த கண்டனம் கேமில் இருந்த முகத்தைப் பற்றியதல்ல, ஈரானிய வேர் உள்ள நடிகர்களுக்கு அந்த வாய்ப்பு ஏன் போகவில்லை என்பது. அதற்கு இன்றைக்கும் நல்ல பதில் கிடையாது. சுவாரசியத்துக்காக ஒன்று: 1989-இல் வந்த மூலக் கேமின் இளவரசன், ஜோர்டன் மெக்னர் தன் தம்பியை வெள்ளை உடையில் ஓடவும் குதிக்கவும் வைத்து வீடியோ எடுத்து, அதன் மேல் ஃபிரேம் ஃபிரேமாக வரைந்த உருவம். வாள் சண்டை 1938-இல் வந்த ராபின் ஹூட் படத்தின் சண்டைக் காட்சியிலிருந்து பிடித்தது. கேமும் சினிமாவும் ஒன்றிடம் ஒன்று ஆளைக் கடன் வாங்குவது அப்போதே தொடங்கிவிட்டது.

சோஃபி டர்னர் தேறுவாரா? அறிவிப்பையும் புகைப்படத்தையும் வைத்து ஆம் என்றோ இல்லை என்றோ சொல்கிறவரை நம்பாதீர்கள். உயரம், முடி, இரண்டு துப்பாக்கி, கறுப்புக் கண்ணாடி எல்லாவற்றையும் ஆடை வடிவமைப்பாளர் ஒரு வாரத்தில் கொண்டுவந்துவிடுவார். நான் பார்க்கப்போவது வேறு. ஒரு பள்ளத்தைத் தாண்டும் முன் அவர் எப்படி நிற்கிறார், அதாவது நாங்கள் கேமில் வெட்டி எறிந்த அந்த அரை நொடியில் என்ன செய்கிறார். அப்புறம், யாரும் இல்லாத அறையில் தனியாக இருக்கும்போது அவருக்குக் காட்சி எழுதியிருக்கிறார்களா என்பது. லாரா ஆடியவர்களுக்குத் தெரியும், அவள் நேரத்தில் பாதி ஆளில்லாத கல்லறைகளில் ஒரு நெம்புகோலைத் தேடி அலைவதில்தான் போகும். எழுதுகிறவர் ஃபீபி வாலர்-பிரிட்ஜ் என்பதால் வசனத்தில் கிண்டலுக்குக் குறை இருக்காது. அந்த மௌனத்தை அவர்கள் என்ன செய்யப்போகிறார்கள் என்பதுதான் என் சந்தேகம், அதற்கு ட்ரெய்லர் பதில் சொல்லாது, முதல் இரண்டு எபிசோடாவது வர வேண்டும்.